விளம்பரம் கடைசியில்

அகமதாபாத், 1969. குஜராத் அரசின் கனிமவளத் துறையில் வேலை பார்த்துவந்த வேதியியல் பட்டதாரி ஒருவர், அலுவலக நேரம் போக, வீட்டுக் கொல்லையில் சலவைத்தூள் கலக்க ஆரம்பித்தார். பொட்டலம் கட்டி, சைக்கிளில் ஏற்றி, வீடு வீடாகக் கதவைத் தட்டினார். துணி வெளுக்காவிட்டால் பணம் வாபஸ் என்றார். மகள் நிருபமாவின் செல்லப் பெயர் நிர்மா. தூளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

கர்சன்பாய் படேலின் கதை இந்தியா முழுவதும் தெரிந்த கதை. தெரிந்திருப்பது பாதிதான் என்பதுதான் சிக்கல். மக்கள் மனதில் நிற்பது வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் ஒலித்த பாட்டு, வெள்ளைக் கவுனில் சுழலும் சிறுமி. அந்தப் பாட்டு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தூள் குஜராத்தில் விற்பனையாகிக் கொண்டிருந்தது என்பது பலருக்கு நினைவில்லை. விளைவு, புதிதாக ஊறுகாய் போட ஆரம்பிக்கிற ஒருவர் முதலில் தேடிப்போவது நல்ல எண்ணெய் வியாபாரியை அல்ல, லோகோ வரைந்து தருகிற ஆளை. அவரும் ஒரு மரம், ஒரு சூரியன், கீழே வளைந்த எழுத்து என்று எதையாவது வரைந்து பல ஆயிரங்களுக்கு பில் போடுகிறார். ஊறுகாய் இரண்டாவது மாதத்தில் பூசணம் பிடிக்கிறது.

நிர்மாவின் வெற்றிக்கு விலைதான் காரணம் என்பார்கள். உண்மைதான். அன்று ஹிந்துஸ்தான் லீவரின் சர்ஃப் கிலோவுக்கு விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நிர்மா கிடைத்தது. ஆனால் மலிவு எப்படி முடிந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. மின்சார இயந்திரம் இல்லாமல் கையால் கலந்ததால் உற்பத்தி வரியில் சலுகை கிடைத்தது. நறுமணம், வெண்மைக்கான சேர்மானம் போன்ற விலை உயர்ந்த சரக்குகள் இல்லை. சோடா சாம்பல் தாராளம். ஆக, விலையைக் குறைக்கும் முன்பே செலவு குறைந்திருந்தது. இன்று பக்கத்துக் கடைக்காரர் 100 ரூபாய்க்கு விற்பதை 90 ரூபாய்க்குத் தருகிற பலரின் செலவு 88 ரூபாய். போக்குவரத்து, உடைசல், திரும்பி வரும் சரக்கு, சொந்த உழைப்புக்கான கூலி இவற்றைக் கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைக்காசு போகிறது. விற்பனை ஏற ஏற நஷ்டமும் ஏறுகிறது. இப்படி மூடப்படும் தொழிலுக்கு 'மார்க்கெட்டிங் போதவில்லை' என்று காரணம் சொல்லப்படுவது ஒரு வேடிக்கை.

மலிவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நிர்மா கையை எரிக்கிறது என்று இல்லத்தரசிகள் முணுமுணுத்தது லீவரின் காதில் விழாமல் இல்லை. 1980களின் கடைசியில் அந்தக் கம்பெனி குறைந்த விலையில் வீல் தூளைக் கொண்டுவந்து, கைக்கு இதமானது என்று சொல்லி விற்றது. பெரியவர்கள் நினைத்தால் விலையைக் குறைக்க முடியும். அதுவரை எவ்வளவு காலம் கிடைக்கிறது, அதற்குள் வாடிக்கையாளர் மனதில் வேறு எதைப் பதிய வைக்கிறோம் என்பதே சின்னவர்களின் பிழைப்பு.

வணிகவியல் வகுப்புகளில் நிர்மா பற்றி விரும்பிச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் சரக்கைக் கடனுக்கு வாங்கி வைத்துக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தார்கள். படேல் கடைகளில் இருந்த சரக்கில் பெரும் பகுதியைத் திரும்ப எடுத்துவிட்டார். அதே சமயம் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது. பெண்கள் கடைக்கு வந்து நிர்மா கேட்டார்கள், இல்லை. தினமும் கேட்டார்கள், தினமும் இல்லை. கடைக்காரர்களே சரக்குக்காகக் காத்திருந்து, ரொக்கம் கொடுத்து வாங்கத் தயாரான பிறகுதான் லாரிகள் புறப்பட்டன. இதைத் தந்திரம் என்று ரசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் தூளைப் பயன்படுத்திய குடும்பங்கள் இருந்ததால்தான் பெண்கள் கடையில் போய்க் கேட்டார்கள். அறிமுகமே இல்லாத சரக்கைத் திரும்ப எடுத்தால் கடைக்காரர் அந்த இடத்தில் வேறு டப்பாவை அடுக்கிவிட்டுப் போய்விடுவார்.

கடன் தொல்லை இன்றும் தீரவில்லை. சட்டம் என்னவோ சிறியவர் பக்கம்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. உத்யம் பதிவு பெற்றிருந்தால் வசதிக் குழுவிடம் முறையிடலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். முறையிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆகவே முதல் ஆர்டரிலேயே தேதி போட்ட பில்லும், சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்தும் வாங்கி வைப்பது நல்லது. முகதாட்சண்யம் பார்க்க வேண்டிய இடம் இது அல்ல.

படேல் தூள் கலக்க ஆரம்பிப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1959 மார்ச் 15ஆம் தேதி, மும்பையின் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். முதலீடு 80 ரூபாய், அதுவும் கடன். அன்று தயாரான அப்பளம் நான்கு பாக்கெட். அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாததால் நான்கு மாதம் தொழிலையே நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை பிரச்சினை தீர்ந்தது. லிஜ்ஜத் என்ற பெயர்கூட அப்போது கிடையாது. 1962இல்தான் பெயருக்காகப் போட்டி வைத்து, ஐந்து ரூபாய் பரிசு கொடுத்து, ருசி என்ற பொருள் தரும் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் விற்ற பிறகு பெயர். லோகோவுக்கு முதலில் ஓடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தப் பெண்கள் ஆரம்பத்தில் இரண்டு ரகம் செய்தார்கள். ஒன்று நல்ல ரகம், இன்னொன்று விலை குறைந்த ரகம். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பரேக் என்ற சமூக சேவகர் இரண்டாவது ரகத்தை விடச் சொன்னார். ஒரே தரம், அதில் விட்டுக்கொடுப்பது இல்லை. கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றும் சொன்னார். கேட்க எளிதான ஆலோசனை. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில், ஆயிரக்கணக்கான கைகள் உருட்டும் அப்பளம் ஒரே மாதிரி இருப்பது எப்படி?

லிஜ்ஜத்தின் திறமை முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது. உளுந்து, பெருங்காயம், மிளகு எல்லாவற்றையும் மையமாக வாங்குகிறார்கள். மாவு வீட்டில் பிசையப்படுவதில்லை, கிளையில் பிசையப்படுகிறது. அதிகாலையில் 'சகோதரிகள்' வந்து மாவை எடுத்துப்போய், வீட்டில் உருட்டி, உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எடை, தரம் பார்த்து வாங்கிக்கொண்டு உருட்டும் கூலி உடனுக்குடன் கொடுக்கப்படுகிறது. புதிதாகச் சேருகிற பெண்ணின் வீட்டில் சுத்தமான இடம் இருக்கிறதா, அப்பளம் உலர்த்த வசதி உண்டா என்று நேரில் போய்ப் பார்க்கிறார்கள். ருசியைத் தீர்மானிப்பது மாவு. அது ஒரு இடத்தில். கைவேலையைக் கேட்பது உருட்டுவது. அது எல்லா இடத்திலும். 45,000க்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராக உள்ள இந்த அமைப்பில் இன்றும் முறை இதுதான். நிறுவனர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மசாலாப் பொடியோ சோப்போ சணல் பையோ எதுவானாலும் இந்தப் பிரிவினை பொருந்தும். வாடிக்கையாளர் எந்த ஒரு குணத்துக்காகத் திரும்பி வருகிறாரோ அதைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வேலையை மட்டும் யார் கையிலும் விடாமல் வைத்திருப்பது. பல சிறு தொழில்களில் நேர்மாறாக நடக்கிறது. முதலாளி கல்லாவிலும் கண்காட்சி ஸ்டாலிலும் நிற்கிறார். வறுப்பவர் மாறுகிறார். வறுவலும் மாறுகிறது. மூன்றாவது தடவை வாங்கிய பெண்மணி புகார் செய்வதில்லை, வேறு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

லிஜ்ஜத் தொட்டதெல்லாம் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீப்பெட்டி, ஊதுபத்தி போன்ற முயற்சிகள் எடுபடவில்லை. 1988இல் சலவைத்தூளில் இறங்கியபோது அதற்கு ஸஸா என்று வேறு பெயர் வைத்தார்கள். அப்பளத்தின் பெயர் வாயில் வைக்கும் ருசியைச் சொல்கிறது. அதைச் சலவைத்தூளில் முன்னால் நிறுத்தாதது புத்திசாலித்தனம். நிர்மா குழுமமும் 2016இல் லஃபார்ஜின் இந்திய சிமெண்ட் தொழிலை வாங்கிய பிறகு அதை நுவோக்கோ என்ற பெயரில்தான் நடத்துகிறது.

பெயர் ஓரளவு பரவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதைப் பதிவு செய்வது. டிரேட் மார்க் பதிவுக்கு மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத் ஆகிய ஐந்து நகரங்களில் அலுவலகம் உண்டு. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு பொருள் வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய் என்பது 2017ஆம் ஆண்டின் விதி. மொத்தம் 45 வகுப்புகள். அப்பளத்துக்குப் பதிந்தது சோப்புக்குச் செல்லாது. இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்கு, பின்னர் புதுப்பிக்கலாம். 'சுத்தமான நெய்', 'நம்பர் ஒன் மசாலா' என்பன போன்ற, பொருளை வர்ணிப்பதோடு நின்றுவிடுகிற பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது குற்றம். டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம்.

குடும்பத் தொழிலில் இன்னொரு ஆபத்து உண்டு. ராஜஸ்தானின் பிகானேரில் 1937இல் புஜியா விற்கும் கடையாகத் தொடங்கிய ஹல்திராம், குடும்பம் கிளை பிரிந்து கொல்கத்தா, நாக்பூர், டெல்லி என்று பரவியது. கொல்கத்தா கிளைக்கும் டெல்லி கிளைக்கும் இடையே பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1990களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இழுத்தது. கடை, இயந்திரம், நகை எல்லாவற்றையும் பாகம் பிரிக்கிறவர்கள் பெயரை விட்டுவிடுவது வழக்கம். அண்ணன் தம்பி சேர்ந்து தொடங்கும் தொழிலில் பெயர் யார் பேரில் பதிவாகிறது, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்று கூட்டாண்மைப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்வதற்குச் சண்டை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு விளம்பரம். பணம் இல்லாதவர்களின் விளம்பரம் பாக்கெட்தான். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவற்றை எப்படியும் சட்டப்படி அச்சிட வேண்டும். அதைப் பொடி எழுத்தில் மடிப்புக்குள் ஒளித்து வைப்பதைவிட, படிக்கும்படி போட்டு, வருகிற அழைப்பை முதலாளியே எடுத்தால் அதுவே சந்தை ஆய்வு. ஆன்லைன் கடைகளில் விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வாங்குகிறவருக்கு நினைவிருப்பது கடையின் பெயர், தயாரித்தவர் பெயர் அல்ல. வாட்ஸ்அப்பில் விலையோடு படம் போடுவதற்குச் செலவு இல்லை. ஆனால் கேள்விக்கு இரண்டு நாள் கழித்து பதில் சொல்வதாக இருந்தால் போடாமல் இருப்பதே மேல்.

காசு செலவழித்துச் செய்யும் விளம்பரத்தில், சிறு தொழிலுக்குப் பாடமாகச் சொல்லத்தக்கது கடலூரில் நடந்தது. ஷாம்பூவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்ற சின்னி கிருஷ்ணனின் மகன் சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் சாஷேயானாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். ஏற்கெனவே ஷாம்பூ போடுகிறவர்கள் கையில் மட்டும் மாதிரி போய்ச் சேர்ந்தது. போடாதவருக்குக் கொடுத்து வீணாகவில்லை. ஓரளவு பழகியதும் திட்டத்தை மாற்றினார். இனி ஐந்து சிக் உறைகள் கொண்டுவந்தால்தான் ஒன்று இலவசம். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ரூபாயாக உயர்ந்தது என்பது ரங்கநாதனே சொன்ன கணக்கு.