சுடுபவன் மட்டும்தான் எழுவாயா?

இந்தியாவில் பலருக்குத் துப்பாக்கி ஓசை என்பது திரையில் கேட்ட ஓசைதான். துப்பாக்கிச் சூடு பற்றி அவர்கள் அறிந்தவை எல்லாம் குற்றத் தொடர்களின் ஒலிக்கலைஞரும் சண்டைப் பயிற்சியாளரும் புகட்டியவை. தொடர் என்பது பாடநூல் அன்று என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் வேறு பாடநூல் இல்லாத இடத்தில் புனைவே பாடநூலாகிவிடுகிறது.

இதன் விளைவை மும்பை 2008 நவம்பர் 26 அன்று இரவு கண்டது. அன்று கட்டாக்கில் நடந்த ஒருநாள் போட்டியில் இந்தியா இங்கிலாந்தை வென்றிருந்தது. தெற்கு மும்பையில் எழுந்த முதல் வெடியோசைகளை வெற்றிக் கொண்டாட்டப் பட்டாசு என்றோ கல்யாண வெடி என்றோ எண்ணியதாக உயிர் தப்பியவர்கள் பலர் பின்னர் கூறினர். திரையில் துப்பாக்கி முழங்குகிறது, எதிரொலிக்கிறது. நேரில் அது பெரும்பாலும் வறண்ட 'பட்' என்ற ஓசையாகவே காதில் விழுகிறது. இது பட்டாசா, வேறா என்ற ஐயத்தில் கழியும் நொடிகளே விலகி ஓடுவதற்கு உரிய நொடிகள்.

தமிழில் மறைப்பு வேறு, காப்பு வேறு. தொடர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. கார்க் கதவுக்கும் சோபாவுக்கும் பின்னால் பதுங்கியவர்கள் காயமின்றி எழுகிறார்கள். அவை பார்வையைத் தடுக்கலாம்; குண்டைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. தோளில் குண்டு பாய்ந்த நாயகன் அடுத்த காட்சியில் சண்டையிடுகிறான். உண்மையில் தோளையொட்டிப் பெரிய இரத்தக் குழாயும் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும் ஓடுகின்றன. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். காயத்தின் மீது துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பதும் 112-ஐ அழைப்பதும் எவரும் செய்யக்கூடியவை. அவற்றைத் திரையில் காண்பது அரிது.

மாறாக, "இது போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தொடமாட்டோம்" என்று கைவிரிக்கும் மருத்துவரைத் திரை சலிக்காமல் காட்டுகிறது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதை அறியாதவர் காயம்பட்டவரைத் தொடவே தயங்குவார்.

2018-இல் வெளியான 'மிர்சாபூர்' தொடரின் தொடக்கத்தில், கல்யாண ஊர்வலத்தில் தாதாவின் மகன் கொண்டாட்டமாகச் சுட, மாப்பிள்ளை இறக்கிறான். வட இந்தியத் திருமணங்களில் உண்மையாகவே உயிர்களைப் பறித்துவரும் வழக்கம் இது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுடுவதை 2019-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியது. தொடரிலோ மாப்பிள்ளையின் சாவு கதையைத் தொடங்கிவைக்கும் திரியாக மட்டுமே பயன்படுகிறது. பின்னர் கதை சுட்டவர்களையே பின்தொடர்கிறது.

இலக்கணமாகச் சொன்னால், குற்றத் தொடரின் வாக்கியத்தில் சுடுபவனே எப்போதும் எழுவாய். சுடப்பட்டவர் செயப்படுபொருள். அருகில் நின்றவர், ஓடியவர், காயத்தை அழுத்திப் பிடித்தவர் ஆகியோருக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. பார்வையாளர்களோ, அப்படி ஒன்று நேர்ந்தால், அநேகமாக இந்த மூன்றாம் வகையினராகவே இருப்பார்கள். தங்களுக்குரிய பாத்திரத்தை மட்டும் அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதே 2008 இரவில், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, ஓர் அறிவிப்பாளர் தம் இருக்கையை விட்டு அகலவில்லை. பயணிகளை வேறு வழியாக வெளியேறுமாறு இந்தியிலும் மராத்தியிலும் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். பலர் அதைக் கேட்டுத் தப்பினர். அவர் கையில் துப்பாக்கி இல்லை. சில எளிய ஏவல் வாக்கியங்களே இருந்தன. ஆபத்து எங்கே, வழி எங்கே என்பதை அவை சொல்லின. குற்றத் தொடர்கள் எழுதுவோர் அத்தகைய ஒருவரை எழுவாயாக்கி ஒரு காட்சியேனும் எழுதினால், கதையின் விறுவிறுப்பு குறையாது. பார்ப்பவருக்கு ஒரு வழியும் தெரிந்திருக்கும்.