காக்கிக்கு ஒளிச்சட்டை: கூரம் வட்டாரத் தறிக்காரர்களுக்கு ஓர் அவசர அழைப்பு



கார்த்திகை பிறந்துவிட்டது. மார்கழி வந்தால் சென்னை–பெங்களூரு சாலையில் விடியற்காலைப் பனி இறங்கும். சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போகிற வண்டிகள் சாரிசாரியாக வருவதும் அப்போதுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கும். அந்தச் சாலையில், பேரிகார்டு ஓரமாக, கையில் ஒரு டார்ச்சோடு போலீஸ்காரர் ஒருவர் நிற்பார். தூக்கக் கலக்கத்தில் வரும் லாரி டிரைவருக்குக் காக்கி இருட்டோடு இருட்டு. பக்கத்தில் நிற்கும் ஊர்க்காவல் படைப் பையன் நம் தெருப் பிள்ளை.

மார்கழி முதல் தேதிக்குள் அவர்களுக்கு ஒளிச்சட்டை, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், நல்ல மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாக வேண்டும். தறிக்கு 100 ரூபாய் கேட்கிறேன்.

“போலீஸுக்கா? நாமா?” என்பீர்கள். நியாயமான கேள்வி. கூலி உயர்வு கேட்டுப் போய் லத்தி வாங்கிய முதுகுகள் நம்மிடம் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் நடந்ததை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே 2020-ல், ஜனவரி 8 அன்று, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். அடுத்த ஆண்டு நவம்பரில் திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களை நடுராத்திரியில் பைக்கில் தனியாகத் துரத்திப் போய் வெட்டுப்பட்டுச் செத்தார். யாரோ ஓர் ஏழை வீட்டு ஆட்டுக்காக! இவர்களில் ஒருவரும் பெரிய அதிகாரி இல்லை. மும்பையில் 2008 நவம்பரில் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கியைக் கையால் பிடித்து நிறுத்திய போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளேயிடம் இருந்ததும் வெறும் லத்திதான்.

ஒளிச்சட்டை இவர்களில் ஒருவரையும் காப்பாற்றியிருக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குண்டு துளைக்காத உடை வாங்குவதும், அதைச் சுட்டுச் சோதிப்பதும் அரசாங்கத்தின் வேலை. நம் கைக்கு எட்டாது. அதற்கென்று நம் நாட்டுக்கே ஒரு தரக்குறியீடு 2018-ல்தான் வந்தது. லாரிச் சக்கரத்துக்குக் கீழே ஒருவர் போகாமல் தடுப்பது நம் கைக்கு எட்டும்.

ஒளிச்சட்டையில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பகலில் பழந்துணி மாதிரிதான் தெரியும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள் பதித்திருக்கும். வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். ஜரிகை பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் மின்னும். இந்தப் பட்டை ஹெட்லைட் போட்டு வருகிற டிரைவரின் கண்ணுக்கு மின்னும். மஞ்சள் துணியில் வெறும் வெள்ளைப் பட்டை ஒட்டி விற்கிறவனும் உண்டு. இருட்டு அறையில் தள்ளி நின்று, டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். பட்டை பளீரென்று திரும்பி அடிக்காவிட்டால் அது போலி. ஜரிகையை உரசி உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்களை எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற முடியாது. பிரஷ் போட்டுத் தேய்த்துத் துவைத்தால் மணிகள் உதிர்ந்துவிடும் என்பதையும் வாங்கிக் கொள்கிறவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் இரண்டே மாதத்தில் வெறும் சட்டை.

இனிதான் எனக்கு முக்கியமான விஷயம். ஸ்டேஷனுக்கு ஒரு பைசா ரொக்கமாகப் போகக் கூடாது. ரொக்கம் போனால் அதற்கு மாமூல் என்று பெயர். நாம் என்ன பெயர் வைத்தாலும் ஊர் அப்படித்தான் சொல்லும். அரசு ஊழியர் நடத்தை விதிகளும் தனி ஆளுக்குப் பரிசு கொடுப்பதை ஏற்காது. எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, பொருளாகவே கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்க வேண்டும். லத்திக்கும் கேமராவுக்கும் நம் காசு போகாது. அதற்குக் காரணம் உண்டு. 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸில் டார்கெட் என்கிற கடைக் கம்பெனி, போலீஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் கொடுத்து வேவு பார்க்க உதவும் மென்பொருளை போலீஸுக்கு வாங்கிக் கொடுத்தது. சென்னையில் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் வியாபாரிகளும் குடியிருப்புச் சங்கங்களும் கேமராவுக்குப் பணம் போட்டார்கள். திருட்டைக் கண்டுபிடிக்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுக்கிற தெருவுக்குத்தானே கேமரா முதலில் வரும்? மழைக்கோட்டுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அது போட்டிருப்பவரை நனையாமல் வைக்கும், அவ்வளவுதான்.

கணக்கு எழுதி வைப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேட்டில், கோயில் பூசைக்கும் பழுது பார்க்கவும் சில பங்குகள், மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்று வெட்டியிருக்கிறது. தண்ணீர் வைக்கிறவனுக்குக்கூடக் கணக்கு! சங்கத்துப் பலகையில் வரவும் செலவும் ஒவ்வொரு வாரமும் ஒட்டப்படும். எவர் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கூரத்தாழ்வானைக் கும்பிடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ராமானுஜருக்கு வர இருந்த ஆபத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, அவருடைய காவியை உடுத்திச் சோழன் சபைக்குப் போய்க் கண்களை இழந்தவர் என்று குருபரம்பரை சொல்கிற மனிதர் பிறந்த ஊர் இது. கும்பிடாதவர்களும் 100 ரூபாய் கொடுக்கலாம்.

“நாம் கொடுத்தால் அரசு கையைக் கழுவிவிடுமே?” என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். கழுவும், விட்டால். அதனால் பொருளோடு ஒரு மனுவும் போகிறது: சாலையில் நிற்கும் ஒவ்வொரு காவலருக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் இவற்றை அரசே கொடுக்க வேண்டும், அடுத்த காவல்துறை மானியக் கோரிக்கையில் நம் எம்.எல்.ஏ. இதைப் பேச வேண்டும். 100 ரூபாய் கொடுக்க மனம் ஒப்பாதவர் அந்த மனுவிலாவது கையெழுத்துப் போடுங்கள். சாத்தான்குளத்தை நினைத்துக் கையெழுத்துப் போட மறுக்கிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் வந்து கணக்கைப் பார்க்கட்டும்.

ஞாயிறு காலை தெருப்பாவு சுருட்டியதும் சங்கக் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள். டார்ச் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். மூன்று கடைகளின் மாதிரிச் சட்டைகள் வந்திருக்கின்றன, அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். ஊர்க்காவல் படையில் இருக்கும் பிள்ளைகளின் அளவும் கூடவே வேண்டும். பெண் காவலர்களுக்கு ஆண் அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. முதல் ரசீதை யார் பெயரில் கிழிக்கட்டும்?