தொட்டில்மேல் போடும் பழி

"பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அம்மணி, மொதல்ல புள்ளையப் பாரு." கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து வீடுகளில் இதைச் சொல்ல மாமியார்தான் வேண்டும் என்பதில்லை. பெற்ற தாயே சொல்வார். வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பாட்டு டீச்சரும் சொல்வார். கனிவாகச் சொல்வதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. வீணை உறைக்குள் போகிறது, சலங்கை பரணில் ஏறுகிறது, பாதி எழுதிய நோட்டு தடுப்பூசி அட்டைக்கு அடியில் கிடக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். பிறகு பத்தாவது பரீட்சை வரும், பன்னிரண்டாவது வரும், பேரப்பிள்ளையும் வந்துவிடும்.

தாயானால் கலை தானாக விலகிவிடும், அது இயற்கை என்று நம் ஊரில் படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு இனிப்புத் தடவிய இன்னொரு முகமும் உண்டு. "பிள்ளையைவிடப் பெரிய படைப்பு எது?" என்று பட்டிமன்ற மேடையில் கேட்டால் கைதட்டல் நிச்சயம். கடுமையாகச் சொன்னாலும் கனிவாகச் சொன்னாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்ததற்கு வீட்டில் யாரும் பொறுப்பில்லை, எல்லாம் குழந்தை செய்த வேலை. பேசத் தெரியாத குழந்தைமேல் போடும் பழி இது. பொய்ப்பழியும்கூட.

கொங்கு மண் தந்த மிகப் பெரிய கலைஞரை இந்த நம்பிக்கை எப்படி வளைத்துக்கொண்டது என்று பார்க்கலாம். கே.பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தாய் பாலாம்பாள் வறுமையில் வளர்த்த பிள்ளை. சிறுவயதிலேயே நாடகத்துக்குப் போய் இலங்கைவரை பெயர் வாங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்தார், பிறகு அவரையே மணந்தார். பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. 1933 டிசம்பரில் கிட்டப்பாவும் போய்விட்டார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார், ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் கட்டினார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு ஊரே வாய் பிளந்த தொகை அது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கே ஒரு முடிச்சுப் போடுவார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாமல் போனதால்தான் அந்தக் குரல் முழுசாகத் தமிழுக்குக் கிடைத்தது என்பார்கள். கொடூரமான கணக்கு இது, ஒருத்தி பறிகொடுத்ததை ஊரின் வரவில் எழுதுகிறது. கணக்கும் தப்பு. லட்ச ரூபாயை எடுத்துவைத்தவர்கள் துக்கத்துக்கு விலை கொடுக்கவில்லை. கிட்டப்பா உயிரோடிருந்தபோதே நாடகக் கொட்டகைகளை நிறைத்த குரலுக்குத்தான் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் சுந்தராம்பாள் பாடியிருக்க மாட்டார் என்று சொல்ல யாரிடமும் எந்தச் சான்றும் இல்லை.

பிறகு சினிமா அவருக்குக் கொடுத்த வேடங்களைக் கவனியுங்கள். 1953இல் 'ஔவையார்', 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. ஒருத்தி இளமை வேண்டாம் என்று கேட்டுக் கிழவியானவள், இன்னொருத்தி உடம்பையே உதறிப் பேயுரு வாங்கியவள். பாட்டுக்கட்டும் பெண் என்றால் அவளுக்கு வயிறும் மடியும் இருக்கக் கூடாது என்ற தீர்ப்பைத் திரையில் சுமந்தது ஒரு கொடுமுடிக்காரப் பெண்.

ஆனால் சங்ககால ஔவை அந்தப் பாட்டி இல்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியோடு நட்புக் கொண்டவர், அவனோடு கள் அருந்தியவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அவர் பெயரில் உள்ள 59 பாடல்களில் 33 புறநானூற்றில் இருக்கின்றன. மீதியெல்லாம் காதலும் பிரிவும் பேசும் அகப்பாடல்கள். பிள்ளையாரிடம் முதுமை வாங்கிய கதை பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பொன்முடியாரும் ஈன்ற தாயை நடுவில் வைத்தே புறப்பாட்டுப் பாடியவர்கள். தமிழின் தொடக்கத்தில் தாய்மைக்கும் கவிதைக்கும் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. நாம் பிற்பாடு மூட்டிவிட்டோம்.

இந்த நம்பிக்கை உண்மையானால் எல்லாக் கைத்திறனுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? பவானியில் ஜமுக்காளம் நெய்யும் வீட்டில் பிள்ளை பிறந்தால், "இனி உனக்குத் தறி வராது" என்று யாராவது சொல்வார்களா? திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிறவளிடம் தாய்மை விரல் நுணுக்கத்தைத் தின்றுவிடும் என்று யாரும் சொன்னதில்லை. அங்கே கூலி வருகிறது. கூலி வரும் இடத்தில் பிள்ளையை அம்முச்சி பார்த்துக்கொள்கிறார், அப்பத்தா பார்த்துக்கொள்கிறார், பக்கத்து வீட்டுக்காரிகூடப் பார்த்துக்கொள்கிறார். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பஞ்சாலை ஊரான கோவைக்கு இந்தச் சட்டம் புதிதல்ல. பிள்ளையைப் பிடிக்க ஆள் இருந்தால் தாய் வேலை செய்வாள் என்பது ஆலை முதலாளிக்கும் தெரிந்த விஷயம். கவிதை என்று வரும்போது மட்டும் எல்லாருக்கும் இயற்கை நினைவுக்கு வந்துவிடுகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். வீணை தனம்மாள் (1867–1938) பல பெண்களுக்குத் தாய். அவர் மகள் ஜெயம்மாள் பாடகி. ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி ஆட, ஜெயம்மாள் பின்னால் உட்கார்ந்து பாடினார். பாலசரஸ்வதிக்கும் ஒரு மகள், அவரும் ஆடினார். பிருந்தா, முக்தா சகோதரிகளும் தனம்மாளின் பேத்திகளே. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் வித்தைக்கு அடுத்த ஆள் வந்தாயிற்று என்று பொருள். தேவதாசி மரபில் வந்த வீடு அது; அந்த முறையின் சுரண்டலை மறந்துவிட்டு இந்த வீட்டைக் கொண்டாடச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே பெண்ணின் கலைதான் அடுப்பெரித்தது, அதனால் சாதக நேரத்தை யாரும் தொடவில்லை.

அதே காலத்தில் இன்னொரு வீடு. டி.கே. பட்டம்மாளின் தாயார் ராஜம்மாள் நன்றாகப் பாடுவார். ஆனால் உற்றார் உறவினர் முன்னால்கூடப் பாட அவருக்கு அனுமதி இல்லை. அவர் குரலை அடக்கியது பட்டம்மாளைப் பெற்ற வயிறு இல்லை, வீட்டின் ஆசாரம். மகள் காலத்தில் ஆசாரம் கொஞ்சம் தளர்ந்தது, கணவர் ஈஸ்வரன் துணை நின்றார். பட்டம்மாளும் பிள்ளைகளைப் பெற்றவர்தான். ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிப் பெயர் வாங்கினார். தாயும் மகளும், இருவரும் தாய்மார். ஒருத்தி மௌனம், ஒருத்தி சரித்திரம். நடுவில் மாறியது என்ன?

எழுத்திலும் இதே கதை. வை.மு. கோதைநாயகி (1901–1960) ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்டவர். எழுதப் பழகாத நாளில் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொடுத்தார். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார், ஒரு மகனை வளர்த்தார், சிறைக்குப் போனார், 115 நாவல்கள் எழுதினார். கணவரும் மாமியாரும் குறுக்கே நிற்கவில்லை. நூறாண்டுக்கு முன்னால் நடந்தது இது, எனவே "அந்தக் காலத்தில் முடியாது" என்ற சாக்கும் செல்லாது.

அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா. புகுந்த வீட்டில் எழுதுவது குற்றம். இரவில் கழிப்பறையில் நின்று எழுதினார். எழுதிய தாள்களைப் பெற்ற தாய் மறைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் தொகுப்பு 2000இல் புனைபெயரில் வந்தது. அவர் கதவு திறந்தது பிள்ளைகள் வளர்ந்ததாலா? இல்லை. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது, வீட்டு ஆண்களுக்கு ஒரு வேட்பாளர் தேவைப்பட்டார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல் வந்தது. சட்டத்தில் ஒரு வரி மாறியதும் எழுத்தாளர் வெளியே வந்துவிட்டார்.

தாய்மை ஒன்றும் மாற்றுவதில்லை என்று வாதிட்டால் அதுவும் பொய்யாகும். முதல் வருஷம் தூக்கம் போகிறது. உடம்பு தேற மாதங்கள் ஆகின்றன. நாவலுக்கு உட்கார்ந்தவள் சிறுகதையோடு எழுந்திருக்கிறாள், சிறுகதைக்கு உட்கார்ந்தவள் நாலு வரிக் கவிதையோடு. எழுதும் பொருளும் மாறுகிறது. இந்த மாற்றத்தைத் தேய்வு என்று யார் முடிவு செய்தது? மதுரை மீனாட்சியையே கைக்குழந்தையாக்கிப் பருவம் பருவமாகப் பாடிய குமரகுருபரர் ஒரு துறவி. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையைப் பெரும்பாலும் ஆண்களே எழுதினார்கள், புலமை என்று பெயர் வாங்கினார்கள். தூளியை ஆட்டிக்கொண்டே பெண்கள் கட்டிய தாலாட்டுக்கு மட்டும் பெயரில்லாத நாட்டுப்பாட்டு என்று முத்திரை விழுந்தது.

கொங்கு இலக்கியமும் விலக்கல்ல. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' பங்கு கேட்கும் ஒரு கைம்பெண் தாயின் கதை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பிள்ளையில்லாதவள் படும் பாட்டைச் சொல்கிறது. தன் தாயைப் பற்றி அவரே 'தோன்றாத் துணை' என்று ஒரு நூலும் எழுதினார். நல்ல நூல்கள், சந்தேகமில்லை. ஆனால் தாயை மகன் எழுதுகிறான். தாய் எழுதியது எங்கே? தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதை 2024 வரை வாங்கிய பெண்கள் நால்வர்: ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), தருமபுரியில் பிறந்த திலகவதி (2005), அம்பை (2021). இதே காலத்தில் கொங்கிலிருந்து மட்டும் சிற்பி, ஈரோடு தமிழன்பன், புவியரசு, தேவிபாரதி என்று நான்கு ஆண்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்த நான்கு பெண்களில் லட்சுமியும் திலகவதியும் பிள்ளை வளர்த்தவர்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர் காவல்துறை அதிகாரி. கைக்குழந்தையோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் போன பெண்ணால் காகிதத்துக்கு முன்னால் மட்டும் உட்கார முடியாது என்பதை எப்படி நம்புவது?

ஆங்கில விமர்சகர் சிரில் கானலி 1938இல் எழுதிய புத்தகத்தில் வீட்டுக் கூடத்தில் நிற்கும் குழந்தைவண்டியைக் கலையின் எதிரி என்றார். உலகமெங்கும் பெண்களிடம் எடுத்துக்காட்டப்படும் வாசகம் அது. வேடிக்கை என்னவென்றால், அவர் மனதில் இருந்தது ஆண் எழுத்தாளர்களின் கவலை. அமெரிக்காவின் டில்லி ஓல்சன் நான்கு பெண்களை வளர்த்தார், வேலைக்கும் போனார். 1912இல் பிறந்தவரின் முதல் கதைத்தொகுப்பு 1961இல்தான் வந்தது. திறமை வற்றியதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நேரமும் பணமும் துணையும் இல்லாமல் எழுத்து எப்படி வாயடைக்கப்படுகிறது என்று 1978இல் தனிப்புத்தகமே எழுதினார். வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடமே போகாதவர், மூன்று பிள்ளைகளின் தாய். வீட்டு வேலை முடிந்தபின் எழுதி எழுதியே ஞானபீடம் வாங்கிய முதல் பெண் ஆனார்.

இனி எண்களைப் பார்க்கலாம். இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறாள், ஆண் 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் அந்த வேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு 140 நிமிடம், ஆணுக்கு 74. பராமரிப்பில் வித்தியாசம் 66 நிமிடம். சமையல், பாத்திரம், துணி, துடைப்பம் என்ற பக்கத்தில் வித்தியாசம் 201 நிமிடம். அவளுடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது தொட்டில் அல்ல, அடுப்படி. பிள்ளை பிறக்கும் முன்பும் அந்த அடுப்படி அங்கேதான் இருந்தது. பிள்ளை வந்ததும் மறைந்துகொள்ள அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

ஆகவே கோவையில் இலக்கியக் கூட்டமும் சபாக் கச்சேரியும் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரங்கத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு அறையும், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். கூட்டத்தை இரவுச் சமையல் நேரத்தில் வைக்காதீர்கள். பரிசுக்கு வயது வரம்பு வைக்கும்போது பிள்ளை வளர்த்த வருஷங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மருமகள் வீணை வாசிப்பாள் என்று பெண் பார்த்த அன்று ஊரெல்லாம் பெருமை பேசிய மாமனார் மாமியாருக்கும், அதைக் கேட்டு மகிழ்ந்த மாப்பிள்ளைக்கும் வேண்டுகோள் இன்னும் சின்னது: தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வீணையை உறையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுங்கள்.