ஆறு கைவிட்டதால் பிழைத்த ஊர்

காலை ஐந்து மணி. ஹோய் ஆனில் சேவலுக்கு முன்பே அரசாங்கம் கூவிவிடுகிறது. மின்கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் முதலில் இசை, பிறகு செய்திகள், அதன் பிறகு வார்டு அறிவிப்புகள். இரவு வெகுநேரம் விழித்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் தலையணையால் காதை மூடிக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆற்றங்கரைச் சந்தையில் மீனுக்கும் கீரைக்கும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்திய வியட்நாமில், து போன் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்தச் சிறிய ஊர். 1999ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாக் கையேடுகளுக்கு இது பட்டு விளக்குகளின் ஊர். ஒரே நாளில் கோட்டு தைத்துத் தரும் தையற்காரர்களின் ஊர். 2024ல் வியட்நாமுக்குச் சென்ற இந்தியர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். டா நாங்கில் இறங்கி, 30 கி.மீ. தெற்கே காரில் வந்து, ஒரு மாலையில் விளக்குகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வழக்கம்.

புனேயில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 2025 மார்ச்சில் அங்கே 12 நாட்கள் தங்கினார். ஹோட்டலில் அல்ல, ஊருக்கு வெளியே மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்துடன். வாசலில் கால் வைத்ததும் வீட்டுக்கார அம்மாள் கேட்ட முதல் கேள்வி, ‘உங்களுக்கு என்ன வயது?’ பின்னால் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதிக்கு முகம் சுருங்கியது. அவருக்குச் சுருங்கவில்லை. நம் ஊர் ரயில் பெட்டியில் இதைவிட அந்தரங்கமான கேள்விகள் வரும்.

ஆனால் அந்தக் கேள்வி வம்புக்குக் கேட்கப்பட்டதல்ல. வயது தெரியாமல் வியட்நாமிய மொழியில் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகத் தொடங்க முடியாது. பொதுவான ‘நான்’ அங்கே உண்டு. அது எட்ட நின்று பேசும் சொல். வீட்டிலும் தெருவிலும் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பதில் உறவுமுறைதான். வயதில் மூத்த ஆண் ‘ஆன்’ - அண்ணன். மூத்த பெண் ‘சீ’ - அக்கா. இளையவர் ‘எம்’. அம்மாளுக்கு வயது 54, வந்தவருக்கு 61 என்று தீர்ந்ததும் அவர் அண்ணன் ஆனார், அம்மாள் தன்னைத் தங்கை என்று குறிப்பிட்டுக்கொண்டார். பேரன் அவரைத் தாத்தா என்றான். ஆங்கிலம் தெரிந்த மகள்தான் இதையெல்லாம் விளக்கினாள். கறிகாய்க்காரியையும் பஸ் கண்டக்டரையும் உறவு வைத்து அழைத்துப் பழகியவருக்கு இது சுலபமாகப் பிடிபட்டது.

மொழி அப்படிப் பிடிபடவில்லை. ‘மா’ என்ற ஓரசையைப் பாடநூல் வியட்நாமிய மொழியில் ஆறு விதமாக ஒலிக்கலாம்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. குரல் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் அர்த்தம். எழுத்து மட்டும் ரோமன் எழுத்து. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார்கள் உருவாக்கியது அது; 1651ல் ரோமில் அலெக்சாந்தர் த ரோட் அச்சிட்ட அகராதியில் அது நிலைபெற்றது. எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் புள்ளிகளையும் கோடுகளையும் தவறவிட்டால் வாசிப்பது வீண்.

சில சொற்கள் வேறு விதத்தில் ஏமாற்றின. இரண்டாம் நாள் ஒரு பலகையில் ‘சாய்’ என்று கண்டதும் புனேக்காரர் டீ குடிக்க உட்கார்ந்தார். வந்தது ஒரு தட்டு சோறு, பொரித்த டோஃபு, வதக்கிய கீரை. ‘சாய்’ என்றால் அங்கே சைவ உணவு. மரக்கறி மட்டும் சாப்பிடும் அவருக்கு அந்தத் தவறான டீக்கடை மீதி நாட்களைக் காப்பாற்றியது. மற்றக் கடைகளில் கீரையைக் கேட்டாலும் நுவோக் மாம் என்ற மீன் சாறு ஒரு கரண்டி அதில் விழுந்திருக்கும். புத்த சமய வழக்கப்படி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பலர் சைவம். அன்று இந்தக் கடைகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஊரின் பெருமையான ‘காவ் லாவ்’ நூடுல்ஸ்கூட அன்று பன்றி இறைச்சி இல்லாமல் கிடைக்கிறது. அந்த மாவைப் பிசைய ஒரு குறிப்பிட்ட பழைய கிணற்றுத் தண்ணீரும், எதிரே கடலில் உள்ள சாம் தீவின் மரச் சாம்பலும்தான் வேண்டும் என்பது ஊரார் நம்பிக்கை.

காபி விஷயத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. உலகில் பிரேசிலுக்கு அடுத்து அதிகம் காபி விளைவிக்கும் நாடு வியட்நாம். டம்ளர் மேல் ‘ஃபின்’ என்ற சின்னத் தகர வடிகட்டி உட்காரும்; டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் கெட்டியான டப்பாப் பால். பசும்பால் அரிதாக இருந்த காலத்தின் பழக்கம் ருசியாகவே நிலைத்துவிட்டது. சொட்டி முடியும்வரை யாரும் அவசரப்படுவதில்லை. முழங்கால் உயர பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பில் வரும்போதுதான் வங்கி அதிகாரி தடுமாறினார். கடைக்காரி ‘இருபது’ என்றால் இருபதாயிரம் டாங். ஆயிரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நம் பணத்தில் சுமார் 70 ரூபாய்.

அந்த 20,000 டாங் நோட்டின் பின்பக்கம் இருப்பது ஹோய் ஆனின் கூரை வேய்ந்த ஜப்பானியப் பாலம். ஊரின் கதை அதிலிருந்து தொடங்குகிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் பட்டு, பீங்கான், மிளகு, அகில் வாங்க இங்கே கப்பலில் வந்தார்கள். 1630களில் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போவதைத் தடை செய்ததும் ஜப்பானியக் குடியிருப்பு தேய்ந்தது. சீன வணிகர்கள் தங்கிவிட்டார்கள்; ஃபூஜியன், கான்டன், ஹைனான் என்று அவரவர் பகுதிக்கு ஒரு சபைக் கட்டிடம் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஆறு மனம் மாறியது. வண்டல் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் பெரிய கப்பல்கள் நுழைய முடியாமல் போனது. பிரெஞ்சுக்காரர்கள் ஆழமான டா நாங் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரம் போனது, பணம் போனது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட யாரிடமும் காசில்லை. 1965ல் அமெரிக்கப் படைகள் கரையிறங்கியதும் டா நாங்கில்தான். போரின் பெரிய அழிவு ஹோய் ஆனின் தெருக்களைத் தொடவில்லை. இப்படி 1,100க்கும் மேற்பட்ட மரச்சட்டக் கட்டிடங்கள் தப்பின. ஊரைக் காப்பாற்றிய பெருமை வறுமைக்கே சேரும்.

அவற்றின் மதிப்பை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் போலந்துக் கட்டிடக் கலைஞர் காசிமிர் க்வியாட்கோவ்ஸ்கி. 40 கி.மீ. தள்ளியிருக்கும் மீ சோன் சிவன் கோயில்களைச் சீரமைக்க 1980களில் வந்தவர். 1969ல் அமெரிக்க குண்டுகள் சிதைத்த சாம் அரசர்களின் கோயில்கள் அவை. 2020ல் அங்கே மணற்கல் லிங்கம் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை. ஹோய் ஆனும் ஒரு காலத்தில் சாம் மக்களின் துறைமுகம்தான். 1997ல் வியட்நாமிலேயே இறந்த க்வியாட்கோவ்ஸ்கிக்கு ஹோய் ஆனில் சிலை வைத்திருக்கிறார்கள்.

பட்டியலில் இடம் கிடைத்த பிறகு வறுமை போனது. கூடவே வேறு சிலவும் போயின.

வீட்டுக்கார அம்மாளின் பூர்வீக வீடு ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிறது. குறுகிய முகப்பு, நீளமான உடல், நடுவில் முற்றம், இரண்டு தெருக்களுக்கு வாசல். இப்போது அது துணிக்கடை. வாடகைக்கு எடுத்திருப்பவர் வெளியூர்க்காரர். வாடகைப் பணத்தில்தான் குடும்பம் ஊருக்கு வெளியே வீடு கட்டியது. பேரன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். அம்மாளுக்கு வருத்தமில்லை. மரத்தைக் கரையான் அரிக்கும், ஓடு ஒழுகும், பழுது பார்க்க அனுமதி வேண்டும், மானியம் உண்டு என்றாலும் மீதியைத் தானே போட வேண்டும். ஏசி மாட்டச் சுவரைத் துளைக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் வாடகைக்கு விடுவதுதான் புத்திசாலித்தனம். தெருவில் பலரும் அதே புத்திசாலித்தனத்தைச் செய்திருக்கிறார்கள்.

முன்னோர் பீடம் மட்டும் இடம் மாறவில்லை. பௌர்ணமிக்கு முந்தைய மாலை அம்மாள் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். புனேக்காரரும் உடன் போனார். தொங்கும் பட்டுச் சட்டைகளை ஒதுக்கிவிட்டு அவர் ஊதுபத்தி ஏற்றியதை ஒரு வெளிநாட்டுப் பெண் படம் எடுத்தாள். மாதத்தில் இந்த ஓர் இரவு பழைய ஊரில் மின் விளக்குகளை அணைத்து, விளக்குக் கூடுகளை மட்டும் ஏற்றும் வழக்கம் 1998ல் தொடங்கியது. அம்மாள் சாமான்களைத் திரும்பக் கூடையில் வைக்கும்போது தெருவில் நடக்க இடமில்லை.

ஊர் தன்னைத்தானே நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. காவிரிப் பரிசலைப் போன்ற வட்டமான மூங்கில் கூடைப் படகு, கரையோர மீனவர்களின் வேலைச் சாமான். இன்று பனையைப் போன்ற நீர்த்தென்னைகள் அடர்ந்த கழிமுகத்தில் அதில் பயணிகளை ஏற்றிப் பம்பரமாய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். பின்னணியில் காது கிழியும் பாட்டு. மீன் பிடிப்பதைவிட இதில் வருமானம் நிச்சயம். மீனவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. 2023ல் பழைய ஊருக்குள் நுழையும் எல்லாப் பயணிகளும் டிக்கெட் வாங்க வேண்டும் என்ற யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. தெருவுக்கு டிக்கெட்டா என்று கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஜப்பானியப் பாலம் சீரமைக்கப்பட்டுத் திறந்தபோது இன்னொரு சண்டை: பாலம் மிகவும் புதிதாக, பளிச்சென்று இருக்கிறதாம். பழையது பழையதாகத் தெரிய வேண்டும் என்பது பார்க்க வருகிறவர்களின் தேவை. ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பது வீட்டின் தேவை.

கிளம்புவதற்கு முன்தினம் அம்மாளின் கணவர் அந்தத் துணிக்கடைச் சுவரைப் புனேக்காரருக்குக் காட்டினார். ஆண்டுகள் எழுதிய கோடுகள். 1964ஆம் ஆண்டுக் கோடு தலைக்கு மேலே. 1999 அதற்குச் சற்றுக் கீழே. மழைக்காலத்தில், அக்டோபர் நவம்பரில், ஆறு தெருவுக்கு வரும். மாடித் தரையில் ஒரு சதுரத் திறப்பு இருக்கிறது. அந்நாளில் மிளகு மூட்டையை ஏற்றிய அதே வழியாகக் கட்டில், பெட்டி, அரிசி, முன்னோர் படங்கள் எல்லாவற்றையும் கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவார்கள். தண்ணீர் வடியும்போதே சேற்றைக் கிளறித் தள்ள வேண்டும், காய்ந்துவிட்டால் மண்வெட்டிதான். எந்த அளவுக்குத் தண்ணீர் வந்தால் எதை முதலில் ஏற்றுவது என்று தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தத் திறப்பின் மேல் இப்போது சட்டைகள் அடுக்கிய அலமாரி நிற்கிறது.

2025 ஜூலை 1 முதல் நிர்வாக மாற்றத்தில் குவாங் நாம் மாகாணம் டா நாங் மாநகரத்துடன் இணைந்தது. ஹோய் ஆன் தனி நகரமாக இல்லாமல் அதன் வார்டுகளாயிற்று. வியாபாரத்தை எடுத்துக்கொண்ட டா நாங், 150 ஆண்டுகளுக்குப் பிறகு முகவரியையும் எடுத்துக்கொண்டது.

அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் பெருமழை. து போன், 1964க்குப் பிறகு காணாத உயரத்துக்கு ஏறியது. பழைய ஊரின் தெருக்களில் படகு ஓடியது. தொலைக்காட்சியில் பார்த்த புனேக்காரர் செய்தி அனுப்பிக் கேட்டார். நான்கு நாள் கழித்து மகளிடமிருந்து பதில் வந்தது. எல்லோரும் நலம். துணிக்கடைக்காரர் முதல் நாளே கிளம்பிவிட்டாராம். கீழ்த்தளத்தில் இருந்த சரக்கு முழுவதும் போய்விட்டது. அம்மாளின் கணவரும் மகனும் புது வீட்டிலிருந்து படகில் போய், அலமாரியை நகர்த்தி, திறப்பைத் திறந்து, முன்னோர் பீடத்தை மட்டும் மேலே ஏற்றினார்கள்.

கூடவே ஒரு படமும் வந்தது. ஈரச் சுவரில் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புதுக் கோடு, 2025 என்ற எண்ணுடன். அலமாரியைப் பழைய இடத்தில் வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்களாம். அடுத்த ஆண்டு வாடகையைக் குறைத்தால் யோசிப்பதாக அவர் பதில் சொன்னாராம்.