கதவை மெல்லச் சாத்துவோம்

பள்ளி விழாவில் பாடிய பாட்டைப் பதிவு செய்து, கணிப்பொறியில் ஏற்றி, ஆடாசிட்டி போன்ற மென்பொருளால் சீர்செய்வது இன்று மாணவியர் தாமே செய்யும் பணியாகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதும் அதற்கொரு காரணம். மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வாறு வெளிவரும் பாடல்களின் முடிவு படும் பாட்டைக் கேட்டால் மனம் வருந்துகிறது. கடைசிச் சொல் முடிந்ததுதான் தாமதம், கத்தரியால் நறுக்கியதுபோல் ஓசை நின்றுவிடுகிறது!

கைதட்டலை நீக்குவதற்காகவே இப்படி வெட்டுகிறார்கள். ஆனால் சிற்றாலயத்தின் உயர்ந்த கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதனுடன் போய்விடுகிறதே. நாற்பது குரல்கள் ஒரே குரலாய்க் கலந்து கேட்பது அந்த இரண்டு விநாடியில்தான்.

மென்பொருள் என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதை எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற அந்த ஆங்கில இசைமேதை, 1905 முதல் 1934இல் மறையும்வரை லண்டன் செயின்ட் பால் பெண்கள் பள்ளியில் இசையாசிரியராக இருந்தார். கோள்களைப் பற்றிய அவருடைய இசைத்தொகுப்பின் இறுதிப் பகுதி நெப்டியூன். அதில் பெண்கள் குழு பக்கத்து அறையிலிருந்து சொற்களின்றிப் பாட வேண்டும்; முடிவில் அறைக்கதவை மெதுவாகச் சாத்த வேண்டும்; ஓசை தொலைவில் கரையும்வரை கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். 1918இல் அது முதன்முதலாக இசைக்கப்பட்டபோது அவருடைய மாணவியரும் அக்குழுவில் பாடினர். நம்மைப் போன்ற பள்ளிப் பெண்கள்தாமே அவர்கள்!

அந்தக் கதவின் வேலையைத்தான் இன்று ‘ஃபேட் அவுட்’ செய்கிறது. ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலியலையின் உயரத்தைச் சீராகக் குறைத்தால், பாதி வழியில் அது 6 டெசிபல் மட்டுமே இறங்கியிருக்கும். ஓசை பாதியாகிவிட்டதாக நம் செவி உணர ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். ஆகவே நெடுநேரம் குறையாததுபோல் தோன்றி, இறுதியில் சட்டென விழுந்துவிடும். ‘ஸ்டூடியோ ஃபேட் அவுட்’ என்பதைத் தேர்ந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

முடிவைக் காட்டிலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக உயர்த்திவிடும் ஆசை. தாலாட்டுப் போன்ற கிறிஸ்து பிறப்புப் பாடலும் அணிவகுப்புப் பாட்டும் ஒன்றுபோல் முழங்கினால் எது இனிமை? அளவுக்கு மீறி உயர்த்திச் சேமித்தால் அலைகளின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. பிறகு எவ்வளவு குறைத்தாலும் போன ஒலி திரும்பாது, கரகரப்பே மிஞ்சும். நாடகத்தில் வசனம் கேட்கவில்லையென்றால் பின்னணி இசையைத் தாழ்த்தலாமே! இரண்டாம் வரிசையில் நின்று மெல்லிய குரலில் பாடும் சிறுமியின் குரலைத் தேடித்தான் அவளுடைய தாய் அப்பதிவைக் கேட்கிறாள். முழக்கத்தில் அது அமிழ்ந்துபோகலாமா?

தோழியரே, வரும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பதியும்போது பாட்டு முடிந்தபின் ஐந்து விநாடியாவது கருவியை நிறுத்தாதிருங்கள். பாடகர் குழுவை நடத்துபவரின் கை கீழே இறங்கும்வரை, அவையோரும் கைதட்டாமல் பொறுத்திருக்கட்டும்.