வார்டுக்குள் என்ன மொழி?

நீட் ரிசல்ட் வந்த கையோடு விளம்பரங்களும் வரத் தொடங்கிவிடும். ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ்., ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ்., பிலிப்பைன்ஸில் மருத்துவம் என்று வாட்ஸ்அப்பில் நாளுக்கு நாலு வரும். பெற்றோர் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். மொத்தம் எவ்வளவு ஆகும்? ஹாஸ்டலில் நம்ம சாப்பாடு கிடைக்குமா? பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பா? குளிர் தாங்குமா?

எல்லாம் நியாயமான கேள்விகள். நகையை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் அனுப்புகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால், பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே நோயாளிகள் என்ன மொழி பேசுவார்கள்?

'பாடம் முழுக்க இங்கிலீஷ்தான்' என்று ஏஜென்ட் சொன்னதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

ஆனால், ஆங்கிலம் வகுப்பறையோடு நின்றுவிடும். ரஷ்யாவில் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்குத் தெரிந்தது ரஷ்ய மொழி. கிர்கிஸ்தானில் கிர்கிஸ் அல்லது ரஷ்யன். ஜார்ஜியாவில் ஜார்ஜியன், அதற்கு எழுத்தே தனி. நம் பிள்ளைகள் பலர் படிக்கும் பிலிப்பைன்ஸின் டவாவ் நகரில் ஜனங்கள் அன்றாடம் பேசுவது செபுவானோ.

அந்த மொழி வராத மாணவர் வார்டில் என்ன செய்வார்? பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது கூட்டத்தின் பின்னால் நிற்பார். நோயாளி ஐந்து நிமிடம் பேசுவதை யாராவது ஒரே வரியில் மாற்றிச் சொன்னால் குறித்துக்கொள்வார். எப்போது வலித்தது, எது சாப்பிட்டால் கூடுகிறது, வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் நோயின் தடம் பிடிபடும். அந்தக் கேட்கும் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது.

திரும்பி வந்து எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்விலும் இந்தக் குறை தெரியாது. 300 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 150 வாங்கினால் பாஸ். கோச்சிங்கில் உட்கார்ந்து அதைத் தாண்டிவிடலாம். நோயாளியோடு பேசத் தெரியுமா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

மொழி என்றால் வார்த்தைகள் மட்டுமா? ரஷ்யாவில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெயரோடு தந்தை பெயரிலிருந்து வரும் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. ஜெர்மனியில் அறிமுகமில்லாதவரை 'ஸீ' என்றுதான் சொல்ல வேண்டும். 'டூ' என்றால் நம் ஊரில் முன்பின் தெரியாத பெரியவரை 'நீ' என்பது போல. தகலோக் மொழியில் வாக்கியத்தில் 'போ' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். நமக்கு அது விரட்டுவது போலக் கேட்கும். அவர்களுக்கோ அது நம் 'ங்க' மாதிரி. இதைத் தெரிந்துகொண்டு பேசும் மாணவரிடம் நோயாளி இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வார். சில நேரம் அந்த இரண்டு வார்த்தையில்தான் நோயே இருக்கும்.

அடுத்தது நம்பிக்கைகள். தெரியாத ஒருவர் கொஞ்சிவிட்டுப் போனதும் குழந்தை அழுது, வயிறு உப்பினால், தகலோக் பேசும் வீடுகளில் 'உசோக்' பட்டுவிட்டது என்பார்கள். உழைத்துச் சூடான கையைப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் 'பாஸ்மா' வரும், கை நடுங்கும் என்பார்கள். கேட்கிற நம் பிள்ளைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் உப்பு, மிளகாய் சுற்றிப் போடப்பட்ட பிள்ளைதானே அது! 'அது நிஜமா, பொய்யா' என்ற வழக்கு வார்டில் தேவையில்லை. அந்தத் தாய் எதற்குப் பயப்படுகிறாள், குழந்தைக்கு ஏற்கெனவே என்ன கொடுத்திருக்கிறாள் என்பதுதான் தெரிய வேண்டும்.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனக் குடும்பத்தின் குழந்தை லியா லீ. கலிஃபோர்னியாவின் மெர்ஸெட் ஊரில் 1982-ல் பிறந்தவள். மூன்று மாதத்திலேயே வலிப்பு. ஆன்மா உடலை விட்டு ஓடிவிட்டது என்று பெற்றோர் நம்பினார்கள். டாக்டர்களோ மருந்துகளை மாற்றி மாற்றி எழுதினார்கள். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த மருந்து, எத்தனை வேளை என்பதே குழப்பம். சொன்னபடி மருந்து தரவில்லை என்று குழந்தையைச் சில காலம் வேறு வீட்டில் வளர்க்கவும் அனுப்பினார்கள். நான்கு வயதில் கடுமையான வலிப்பும் தொற்றும் வந்து அவள் நினைவு திரும்பவே இல்லை. 2012-ல் இறக்கும்வரை குடும்பத்தார்தான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கமும் குழந்தை மீது அக்கறைக்குக் குறைவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஆன் ஃபேடிமன் இதை 1997-ல் புத்தகமாக எழுதினார். அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்குப் பல இடங்களில் இதைப் படிக்கக் கொடுக்கிறார்கள்.

மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன், நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை வகுத்திருக்கிறார். உங்கள் நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்கிற வகைக் கேள்விகள். இவற்றைக் கேட்க மெஷின் வேண்டாம். நோயாளியின் மொழியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சரி, பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். உள்ளூர் மொழி வகுப்பு எந்த வருடம் தொடங்குகிறது? எத்தனை வருடம் நடக்கும்? அதில் பரீட்சை உண்டா? எந்த வருடத்திலிருந்து வார்டுக்குப் போவார்கள்? ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்பார்கள்? அங்கேயே படிக்கும் சீனியர் ஒருவரிடம் ஏஜென்ட் இல்லாத நேரத்தில் இதையே கேளுங்கள்.

போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஹாஸ்டலில் நம் ஆட்கள், மெஸ்ஸில் நம் சாம்பார், போனில் நம் சினிமா என்று ஆறு வருடத்தைச் சுகமாக ஓட்டிவிடலாம். அது குட்டித் தமிழ்நாட்டிலேயே இருந்து திரும்புவது போலத்தான். காய்கறிக் கடையில் பேரம் பேசிப் பாருங்கள். உள்ளூர் நண்பர் ஒருவரையாவது சம்பாதியுங்கள். 'எங்கே வலிக்கிறது', 'எப்போதிலிருந்து', 'தொட்டுப் பார்க்கட்டுமா', 'பயப்படாதீர்கள்' என்று ஐம்பது வாக்கியங்களை முதல் வருடமே வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசினால் பாட்டி சிரிப்பார். சிரித்தபடியே திருத்தியும் விடுவார்.

'நாளைக்கு இங்கேதானே டாக்டர் ஆகப்போகிறான், ரஷ்யன் எதற்கு?' என்று தோன்றலாம். திருப்பூர் ஆஸ்பத்திரியில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பார். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்த அம்மா, டாக்டர் பேசும் தமிழே புரியாமல் தலையாட்டுவார். இன்னொருவர் 'நெஞ்சுல வாய்வு பிடிச்சிருக்கு' என்பார்; அது வாய்வாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். அந்நிய ஊரில் ஒரு பாட்டியின் பேச்சைக் கவனித்துக் கேட்கப் பழகியவருக்கு இவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.

வீடியோ காலில் 'சாப்பிட்டியா?' என்று தினமும் கேட்கிறோம். கேளுங்கள், அதை விட வேண்டாம். கூடவே, 'இன்னிக்கு எந்த நோயாளிகிட்ட பேசின? அவங்க என்ன சொன்னாங்க?' என்றும் கேளுங்கள். மாதக்கணக்கில் அதற்குப் பதில் வரவில்லை என்றால், மார்க்கைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அதைப் பற்றி விசாரியுங்கள்.