ஆட்ட விதியும் ஆடுவோர் விதியும்

சில காலத்துக்கு முன், ஒரு பனிக்காலத்திலே, கனடாவின் ரொறன்ரோ நகரில் என் தமக்கையாரின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருக்க நேர்ந்தது. அவருடைய 11 வயது மகன் ஐஸ் ஹொக்கி ஆடுபவன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் அவன் ஆட்டத்துக்கு ஆயத்தமாகும் காட்சியை வியப்போடு பார்த்திருப்பேன். முழங்காலுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் காப்பு, தலைக்குக் கவசம், முகத்துக்குக் கம்பிக் கூடு, இறுதியாகக் கழுத்தைச் சுற்றி ஒரு தடித்த பட்டி. அந்தப் பட்டி இல்லாத சிறுவன் களத்தில் இறங்க முடியாது. அது கனடிய ஹொக்கிச் சங்கத்தின் கட்டளை.

ஒரு நாள் இரவு, தேசிய ஹொக்கி லீக்கின் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். உலகத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அவர்கள். ஆயினும் அவர்களுட் பெரும்பாலோரின் கழுத்து வெறுமையாகவே இருந்தது. “தாத்தா, சப்பாத்துக் கத்தி பட்டால் இவர்களுடைய கழுத்து வெட்டாதா?” என்று அவன் கேட்டான். எனக்கு மறுமொழி தெரியவில்லை. மறுமொழி தேடியபொழுது, ஒரு விளையாட்டின் விதிகளைப் பற்றி மாத்திரமன்றி, விதி செய்யும் மனிதரைப் பற்றியும் சில உண்மைகள் புலப்பட்டன. அவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியைக் காணாத நமக்கு இந்த ஆட்டம் புதிது. ஆகவே அதன் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தரை. அதைச் சுற்றிப் பலகைச் சுவர். ஒவ்வொரு பக்கத்திலும் கோல் காவலர் உட்பட அறுவர். சப்பாத்தின் அடியிலே கூரிய உருக்குக் கத்தி. பந்துக்குப் பதிலாக, ஆறு அவுன்ஸ் நிறையுள்ள கெட்டியான றப்பர் வட்டு; ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து எடுப்பார்கள். வல்ல வீரர் ஒருவர் அடித்தால் அது மணிக்கு 100 மைல் வேகத்தையும் கடந்து பாயும். எதிராளியை உடலால் மோதித் தள்ளுவதும் ஆட்டத்தின் ஓர் அங்கம். வேகமும் மோதலும் கூர்மையும் இவ்வாறு ஒன்றுகூடிய விளையாட்டு வேறு அதிகம் இல்லை.

1917 ஆம் ஆண்டு மொன்றியல் நகரிலே தோன்றிய தேசிய ஹொக்கி லீக், தன் விதிகளைப் பலமுறை மாற்றியிருக்கிறது. அந்த மாற்றங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஆட்டத்தைச் சுவையுடையதாக்க வந்தவை ஒரு வகை. ஆடுவோரின் உயிரைக் காக்க வந்தவை மற்றொரு வகை. இவ்விரு வகையும் நடந்து வந்த வேகம் ஒன்றல்ல என்பதே நான் கண்ட முதல் உண்மை.

சுவையை நாடிய மாற்றங்களை முதலிற் பார்ப்போம். 1928–29 பருவத்தில் மொன்றியல் கழகத்தின் கோல் காவலர் ஜோர்ஜ் ஹெயின்ஸ்வேர்த், 44 ஆட்டங்களில் 22 ஆட்டங்களிலே எதிராளிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. காவலருக்குப் பெருமைதான், பார்க்க வந்தவருக்கோ கொட்டாவி. அடுத்த பருவத்திலேயே வட்டை முன்னோக்கிக் கொடுக்கக் களமெங்கும் அனுமதி வழங்கப்பட்டது. கோல்கள் மளமளவென்று பெருகின. சிலர் எதிராளியின் கோல் வாயிலிலே முன்கூட்டியே போய் நின்றுகொண்டு வட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கினர். பருவம் முடியும்வரை லீக் பொறுத்திருக்கவில்லை. 1929 டிசெம்பரிலேயே, வட்டுக்கு முன்னதாகத் தாக்கும் எல்லைக்குள் எவரும் நுழையலாகாது என்று விதித்துவிட்டது.

1955 நவெம்பரில் மொன்றியல் வீரர் ஷான் பெலிவோ, பொஸ்ரன் கழகத்துக்கு எதிராக 44 செக்கன்களுக்குள் மூன்று கோல்களைப் போட்டார். தண்டனை பெற்ற வீரர், எத்தனை கோல் விழுந்தாலும், இரண்டு நிமிடமும் வெளியே இருந்தாக வேண்டிய காலம் அது. மொன்றியல் கழகம் அந்த விதியாற் பெற்ற இலாபத்தைப் பிற கழகங்கள் பொறுக்கவில்லை. 1956–57 பருவத்திலிருந்து, ஒரு கோல் விழுந்ததும் சிறு தண்டனை பெற்றவர் திரும்பிவிடலாம் என்றாயிற்று.

பிற்காலத்து உதாரணம் இன்னும் விசித்திரமானது. 2008 ஏப்பிரல் 13 ஆந் திகதி, நியூயோர்க் வீரர் ஷோன் ஏவரி, நியூ ஜேர்சிக் கழகத்தின் கோல் காவலர் மார்ட்டின் புரொடூரின் முன்னே நின்று, வட்டைக் கவனியாது, அவர் முகத்துக்கு நேரே கையையும் தடியையும் ஆட்டினார். அதைத் தடுக்கும் வாசகம் விதிநூலில் வெளிப்படையாக இருக்கவில்லை. மறுநாளே லீக் ஒரு விளக்கம் வெளியிட்டது, அச்செயல் குற்றமாயிற்று. ஓர் இரவு போதுமானதாக இருந்தது!

இனி மற்ற வகையைப் பார்ப்போம். 1959 நவெம்பர் முதலாந் திகதி, நியூயோர்க் வீரர் அன்டி பாத்கேற் அடித்த வட்டு, மொன்றியல் கோல் காவலர் ஷாக் பிளான்றின் முகத்தைக் கிழித்தது. காயத்துக்குத் தையல் இட்ட பின்னர், முகமூடி அணியாமல் களத்துக்குத் திரும்பமாட்டேன் என்று அவர் கூறிவிட்டார். முகமூடி பார்வையை மறைக்கும் என்று ஆட்சேபித்து வந்த பயிற்றுநர் ரோ பிளேக், மாற்று வீரர் இல்லாத காரணத்தால் இணங்கினார். கோல் காவலரின் முகத்தைக் காத்தது விதியன்று; ஒரு மனிதரின் பிடிவாதமே.

1968 சனவரி 13 ஆந் திகதி, மினசோட்டா கழகத்தின் பில் மாஸ்ரற்றன், ஒக்லன்ட் கழகத்தோடு நடந்த ஆட்டத்திலே மோதுண்டு பின்புறமாக வீழ்ந்தார். கவசமில்லாத தலை பனித்தரையில் அடிபட்டது. இரண்டு நாட்களின் பின் அவர் இறந்தார். தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது எப்பொழுது? 1979–80 பருவத்தில், அதாவது 11 ஆண்டுகளுக்குப் பின்னர். அதுவும் எல்லோருக்குமன்று. 1979 யூன் முதலாந் திகதிக்கு முன் ஒப்பந்தம் செய்தவர்கள் விரும்பினால் வெறுந்தலையோடு ஆடலாம். அவ்வாறு ஆடியவர்களுள் கடைசியானவரான கிரெய்க் மக்ராவிஷ் ஓய்வுபெற்றது 1997 இல்.

கண்ணைக் காக்கும் முகக்கண்ணாடி 2013–14 பருவத்திலே கட்டாயமாயிற்று. 25 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருந்தவர்களுக்கு அப்பொழுதும் விலக்கு. கழுத்தின் கதை இவற்றிலும் நீண்டது. 1989 மார்ச் 22 ஆந் திகதி, பஃபலோ நகரிலே, கோல் காவலர் கிளின்ற் மலார்சுக்கின் கழுத்தை ஒரு சப்பாத்துக் கத்தி அறுத்தது. வியட்நாம் போரிலே காயம்பட்டோரைக் கவனித்த அநுபவமுடைய கழக உதவியாளர் ஒருவர், இரத்தக் குழாயை விரலால் அழுத்திப் பிடித்ததனால் அவர் பிழைத்தார். 34 ஆண்டுகள் கழிந்தன. 2023 ஒக்டோபர் 28 ஆந் திகதி, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், நொட்டிங்ஹம் கழகத்துக்காக ஆடிய அமெரிக்கரான அடம் ஜோன்சனுக்கு அதே விபத்து நேர்ந்தது. அவர் பிழைக்கவில்லை. அதன் பின்னர் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனம் தன் போட்டிகளிலே கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. தேசிய ஹொக்கி லீக்கும் வீரர் சங்கமும் 2025 இற் செய்த உடன்படிக்கையின்படி, 2026–27 பருவம் முதல் லீக்கிற் புதிதாக நுழைவோர் அதனை அணிய வேண்டும். ஏற்கெனவே ஆடியவர்களுக்கு? மறுபடியும் விலக்கு!

இதற்கு நியாயம் கூறுவோர் இல்லாமல் இல்லை. பல்லாண்டு பழகிய உடையிலே திடீரென மாற்றம் வந்தால் ஆட்டத்திறன் குன்றும் என்பர். வளர்ந்த மனிதர் தம் உடலைப் பற்றித் தாமே தீர்மானிக்கட்டும் என்பர். வீரர் சங்கத்தின் சம்மதமின்றி எதனையும் திணிக்க முடியாது என்பர். இந்த மூன்றாவது நியாயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. தொழிலாளர் சங்கம் தன் அங்கத்தவரின் உரிமையைக் காப்பது அதன் கடமை. ஆனால் கவசத்தை மறுக்கும் சுதந்திரம் உண்மையிலேயே சுதந்திரந்தானா என்று நான் ஐயுறுகிறேன். எல்லோரும் வெறுந்தலையோடு ஆடும்போது ஒருவன் மாத்திரம் கவசம் அணிந்தால் அவனைக் கோழை என்பார்கள். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் அணியாதிருந்தனர். எல்லோரையும் ஒருங்கே கட்டும் விதி ஒன்றுதான் அந்த ஏளனத்தினின்று ஒருவனை விடுவிக்க வல்லது.

மேலும், விரைந்து செயற்பட லீக்குக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2002 மார்ச்சில், கொலம்பஸ் நகரிலே பார்வையாளர் பகுதிக்குப் பறந்த வட்டுத் தாக்கி 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அடுத்த பருவம் தொடங்கும்போது எல்லா அரங்குகளிலும் கோலுக்குப் பின்னே பாதுகாப்பு வலை தொங்கியது. வலை பார்வையை மறைக்கிறது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆயினும், நெடுங்காலம் சீட்டு வாங்கி வந்த பழைய இரசிகருக்கு வலையினின்று விலக்கு அளிப்போம் என்று எவரும் பிரேரிக்கவில்லை.

இரண்டாவது உண்மை ஒன்று உண்டு. சுவைக்காகச் செய்யும் மாற்றம் சில வேளைகளில் ஆபத்தையும் கூடவே அழைத்து வருகிறது. கதவடைப்பினால் 2004–05 பருவம் முழுவதும் பாழான பின்பு, லீக் தன் விதிகளைப் பெரிதும் திருத்தியது. நடுக்கோட்டைத் தாண்டிய நீண்ட கொடுப்புகளுக்கு வழி திறந்தது. எதிராளியைப் பிடித்தும் கொளுவியும் தடுப்பதைக் கண்டிப்போடு தண்டித்தது. ஆட்டம் அழகும் வேகமும் பெற்றது. ஆனால் தடையின்றி விரைபவன் மோதுண்டால் அடியும் பலமாக விழுகிறது. 2010 மார்ச்சில் பொஸ்ரன் வீரர் மார்க் சவார்ட், தாம் காணாத திசையிலிருந்து தலையில் மோதப்பட்டார். மோதிய பிற்ஸ்பேர்க் வீரர் மற் குக்கைத் தண்டிக்க விதியில் இடமிருக்கவில்லை. அதன் பின்பே அத்தகைய மோதல் தடைசெய்யப்பட்டது. 2011 சனவரியிலே, லீக்கின் ஒளிவிளக்காகிய சிட்னி குரொஸ்பியே மூளை அதிர்ச்சியால் விழுந்து, பத்து மாதங்களுக்கு மேல் களம் காணாதிருந்தார். அவ்வாண்டே விதி மேலும் விரிவடைந்தது.

அதே 2011 இல், சண்டைக்காரர் எனப் பெயர்பெற்ற டெரெக் பூகார்ட் 28 வயதில் இறந்தார். அவருடைய மூளையில், மீண்டும் மீண்டும் அடிபட்டோரிடம் காணப்படும் சிதைவு நோய் இருந்ததை ஆய்வாளர் கண்டனர். முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு 2018 இல் ஏறத்தாழ ஒரு கோடியே 90 இலட்சம் டொலருக்குச் சமரசமாயிற்று. தன்மேற் குற்றம் உண்டென்பதை லீக் ஒப்புக்கொள்ளவில்லை.

பாதுகாப்பு வந்தால் விறுவிறுப்புப் போய்விடும் என்ற அச்சமே தயக்கத்தின் வேர். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2015–16 பருவம் முதல், சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் பக்கத்துக்கு மூவரே காவலருடன் ஆடுகின்றனர். அகன்ற வெளியிலே மோதல் குறைந்து, ஓட்டமும் சாதுரியமும் மேலோங்கி, பார்ப்பவர் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறார். சர்வதேச விதியின்படி கைகலப்பில் இறங்குபவர் ஆட்டத்தினின்றே வெளியேற்றப்படுவார். அந்த விதியின் கீழ் 2010 இல் வன்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்திலே குரொஸ்பி மேலதிக நேரத்திற் போட்ட கோலினால் கனடா அமெரிக்காவை 3–2 என வென்றது. அந்த ஆட்டத்தில் முட்டிச்சண்டை இல்லையே என்று எவர் வருந்தினார்? 2024 சனவரி முதலாந் திகதி தன் முதல் ஆட்டத்தை நடத்திய பெண்களின் தொழில்முறை லீக், ஆள் குறைந்த அணி கோல் போட்டால் அதன் தண்டனை அத்தோடு முடியும் என்று விதித்திருக்கிறது. விறுவிறுப்பை வளர்க்க ஒருவர் தலையும் உடைய வேண்டியதில்லை என்பதற்கு இவையெல்லாம் சான்று.

ஆகவே, பனித்தரையில் ஒரு நாளும் நிற்காத நான் துணிந்து சில யோசனைகளைச் சொல்கிறேன். முதலாவது, பாதுகாப்பு உபகரணம் எதுவாயினும் ஒரு வருட அவகாசம் கொடுத்து, மூத்தவர் இளையவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, கருதிச் செய்ததோ தவறிச் செய்ததோ, எதிராளியின் தலையில் மோதினால் தண்டனை உண்டு என்றிருக்க வேண்டும். கவசம் அணிந்தவர்கள் அசட்டுத் துணிச்சலோடு மோதுகிறார்கள் என்ற குறைக்கும் இதுவே மருந்து. மூன்றாவது, கைகலப்புக்கு ஐந்து நிமிடம் வெளியே இருத்துவது போதாது. சர்வதேச வழக்கம்போல் அன்றைய ஆட்டத்தினின்றே நீக்க வேண்டும். நான்காவது, உடலுக்கு ஊறு தரும் குற்றத்துக்குக் கிடைக்கும் சிறு தண்டனையேனும் 1956 க்கு முன்னிருந்ததுபோல இரண்டு நிமிடமும் முழுமையாக நிற்கட்டும். ஷான் பெலிவோ போல் ஒருவர் 44 செக்கன்களில் மூன்று கோல் போடக்கூடும் என்ற பயம், முரடரை அடக்கும், இரசிகருக்கும் விருந்தாகும்.

நான் ஊர் திரும்பும் நாளில், அந்தச் சிறுவன் தன் அறைச் சுவரிலே ஒட்டியிருந்த வீரர்களின் படங்களைக் காட்டி, தானும் ஒரு நாள் அவர்களைப்போல் ஆடப்போவதாகச் சொன்னான். அவன் அந்த லீக்கை அடைவானாயின், அவன் கழுத்தில் காப்பு இருக்கும். விதி அவனைக் கட்டும். படத்திலுள்ளவர்களையோ அது கட்டாது. அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னமும் மறுமொழி இல்லை. அவர்களுடைய கழுத்தும் வெட்டும் என்பதைத் தவிர.